யோகா பண்ணா ஸ்ட்ரெஸ் போயிடுமா? செட்டிகுளம் படிக்கட்டுல அப்பா கேட்ட கேள்வி

ஓம் சரவணபவ!



"ரொம்ப ஸ்ட்ரெஸ்ஸா இருக்கு, என்ன பண்ணலாம்?"னு யாராவது கேட்டா நாம உடனே சொல்ற பதில் "யோகா பண்ணுங்க." நானும் பல பேருக்கு அப்படித்தான் சொல்லிட்டு இருந்தேன். ஒரு நாள் என் அப்பாகிட்டயும் சொன்னேன். அவர் திருப்பிக் கேட்ட ஒரே கேள்வியில என் வாய் அடைச்சுப் போச்சு. அந்தக் கேள்வியைத்தான் இந்தப் பதிவுல உங்ககூட பகிர்ந்துக்கப் போறேன். கொஞ்சம் பெரிய பதிவு. பொறுமையா படிங்க.

கரும்பு பிடிச்ச முருகன் மலையில

எங்க ஊர் குன்னம் பக்கத்துல ஒரு சின்ன கிராமம். மாவட்டம் பெரம்பலூர். ஆனா அப்பாவோட பொழப்பு முழுக்க அரியலூர் பக்கம். சுண்ணாம்புக்கல் சுரங்கத்துலேருந்து சிமென்ட் ஆலைக்கு கல் ஏத்திட்டுப் போற டிப்பர் லாரி ஓட்டுறார். அந்த ரோட்டுல போனவங்களுக்குத் தெரியும், ஓரத்துல நிக்கிற வேப்பமரத்து இலைகூட வெள்ளையாத்தான் இருக்கும். இருபது வருஷத்துக்கு மேல அந்த டிரைவர் சீட்டுல குலுங்கிக் குலுங்கி அவரோட இடுப்பு போயிடுச்சு.

போன வருஷம் ஆடிக் கிருத்திகைக்கு ரெண்டு பேரும் செட்டிகுளம் போனோம். தெரியாதவங்களுக்காகச் சொல்றேன். செட்டிகுளம் பெரம்பலூர் மாவட்டத்துல ஆலத்தூர் வட்டத்துல இருக்கு. சின்ன வெங்காயம் விளையுற பூமி. ஊருக்குள்ள ஏகாம்பரேஸ்வரர் கோவில், குன்று மேல தண்டாயுதபாணி. இங்க முருகனோட தனிச் சிறப்பு, கையில கரும்போட காட்சி தர்றார்.

பாதிப் படியில அப்பா நின்னுட்டார். பக்கத்துச் சுவரைப் பிடிச்சுக்கிட்டு இடுப்பை மெதுவா நிமித்தினார். மூச்சு வாங்குச்சு. நான் உடனே மொபைல்ல ஒரு யோகா வீடியோவை எடுத்து நீட்டினேன்.

"அப்பா, தினமும் பத்து நிமிஷம் இதைப் பண்ணுங்க. இடுப்பு வலியும் குறையும், டென்ஷனும் குறையும். நானே பண்ணிட்டுதான் இருக்கேன்."

அப்பா வீடியோவை முழுசா பார்த்தார். அப்புறம் சொன்னார்:

"தம்பி, நம்ம வண்டி லோடு தாங்கலன்னா ஓனரு என்ன பண்ணுவாரு தெரியுமா? பட்டறைக்கு விட்டு ஸ்பிரிங்ல கூட ரெண்டு பட்டை சேர்த்துக் கட்டச் சொல்லுவாரு. வண்டி நிமிர்ந்து நிக்கும். பாக்க நல்லாத்தான் இருக்கும். அதுக்காக லோடைக் குறைப்பாருன்னு நெனைக்கிறியா? வண்டிதான் தாங்குதேன்னு இன்னும் ரெண்டு டன்னு சேர்த்து ஏத்துவாரு. ஸ்பிரிங் தாங்கிடும். ஆனா ஆக்சில் ஒடையும், டயர் வெடிக்கும், சேசிஸ்ல விரிசல் விழும். நீ சொல்ற யோகா எனக்கு ஸ்பிரிங் பட்டையா, இல்ல லோடைக் குறைக்கிற வழியா? அதைச் சொல்லு. நாளையிலேருந்து பண்றேன்."

என்கிட்ட பதில் இல்ல. "மேல போலாம்பா"ன்னு சொல்லி அவர் கையைப் பிடிச்சுக்கிட்டேன். சந்நிதியில நின்னப்பவும் அந்தக் கேள்விதான் மனசுல ஓடுச்சு. ஏன்னா அது அப்பாவைப் பத்தின கேள்வி மட்டும் இல்ல. என்னைப் பத்தினதும்தான்.

என் வண்டியில கட்டுன பட்டை

நான் பெங்களூர்ல மென்பொருள் வேலை பாக்குறேன். எங்க டீம்ல ஆன்-கால்னு ஒண்ணு உண்டு. முறை போட்டு ஒவ்வொருத்தரும் போனைக் கையில வச்சுக்கணும். சர்வர் எப்ப படுத்தாலும், ராத்திரி ரெண்டு மணியா இருந்தாலும், அலர்ட் அடிச்சா அஞ்சு நிமிஷத்துல லேப்டாப் முன்னாடி இருக்கணும்.

ரெண்டு வருஷத்துல என் உடம்பு மாறிப் போச்சு. போன் அடிக்காமலே அடிக்கிற மாதிரி கேக்கும். தூக்கத்துல தூக்கிவாரிப் போடும். நெஞ்சு படபடன்னு அடிக்கும், கை நடுங்கும், சாப்பிட்டது செரிக்காது. பயந்துபோய் டாக்டர்கிட்ட போனேன். ஈசிஜி எடுத்தாங்க. இதயத்துல கோளாறு இல்லன்னாங்க. "தூக்கத்தைச் சரி பண்ணுங்க, வேலையைக் குறைங்க, மூச்சுப் பயிற்சி பண்ணுங்க"ன்னு டாக்டர் மூணு விஷயம் சொன்னார்.

மூணுல எது சுலபமோ அதை மட்டும் எடுத்துக்கிட்டேன். முதல் ரெண்டையும் வசதியா மறந்துட்டேன்.

ஆனா ஒண்ணு, மூச்சுப் பயிற்சி நிஜமாவே வேலை செஞ்சுது. சில வாரத்துல படபடப்பு குறைஞ்சுது. கை நடுக்கம் நின்னுது. இஞ்சினியர் புத்தி சும்மா இருக்குமா? எப்படி வேலை செய்யுதுன்னு தேடிப் படிச்சேன்.

உடம்புக்குள்ள என்ன நடக்குது?

ஸ்ட்ரெஸ்ங்கிற வார்த்தை நம்ம இஞ்சினியரிங் பாடத்துல வர்றதுதான். ஒரு கம்பி மேல விழுற விசையை அதோட பரப்பால வகுத்தா வர்ற அளவு. மருத்துவத்துல இதுக்கு அஸ்திவாரம் போட்டவர் ஹான்ஸ் செல்யேங்கிற விஞ்ஞானி. கனடாவுல மான்ட்ரியால்ல ஆராய்ச்சி பண்ணிட்டு இருந்தவர், 1936-ல எலிகளை வச்சு ஒரு விஷயத்தைக் கண்டுபிடிச்சார். குளிர், காயம், விஷம்னு தொல்லை எதுவா இருந்தாலும் உடம்பு ஒரே மாதிரிதான் பதில் சொல்லுது. அட்ரினல் சுரப்பி வீங்குது, வயித்துல புண்ணு வருது, எதிர்ப்புச் சக்திக்கான தைமஸ் சுருங்குது.

நம்ம ஊர் உதாரணமே சொல்றேன். மக்காச்சோளக் காட்டுக்குள்ள போறீங்க, கால் பக்கத்துல சரசரன்னு ஒரு சத்தம். பாம்பா, ஓணானான்னு யோசிக்கிறதுக்கு முன்னாடியே நீங்க குதிச்சிருப்பீங்க. சிறுநீரகத்துக்கு மேல தொப்பி மாதிரி உக்காந்திருக்கிற அட்ரினல் சுரப்பி அட்ரினலினைக் கொட்டுது. இதயம் வேகமா அடிக்குது, கை காலுக்கு ரத்தம் பாயுது, கல்லீரல் சர்க்கரையை ரத்தத்துல விடுது, செரிமானம் மெதுவாகுது. பின்னாடியே கார்டிசால் வந்து இந்த நிலையைக் கொஞ்ச நேரம் பிடிச்சு வைக்குது. பாம்பு போனதும் எல்லாம் அடங்கிடும். இது நோய் இல்ல. நம்மளை உயிரோட வச்சிருக்கிற காவல்.

கஷ்டம் எங்க வருதுன்னா, மேனேஜரோட மெசேஜையும் உடம்பு பாம்பு மாதிரியேதான் பாக்குது. அந்தப் பாம்பு காட்டை விட்டுப் போறதே இல்ல. ஒரு நாளைக்கு நாப்பது தடவை சரசரங்குது. அவசரத்துக்கு மட்டும் ஓட வேண்டிய ஜெனரேட்டர் இருபத்துநாலு மணி நேரமும் ஓடுனா என்ன ஆகுமோ, அதுதான் ஆகுது. தூக்கம் போகுது, ரத்த அழுத்தம் ஏறுது, வயிறு கெடுது.

இதுல நம்ம கையில இருக்கிற ஒரே ஸ்விட்ச் மூச்சு. இதயத் துடிப்பை நேரடியா நாம குறைக்க முடியாது. செரிமானத்தை ஆர்டர் போட்டு நடத்த முடியாது. ஆனா மூச்சு தானாவும் ஓடும், நாம சொன்னாலும் கேக்கும். மூச்சை இழுக்கும்போது துடிப்பு கொஞ்சம் கூடும், விடும்போது கொஞ்சம் குறையும். மூளைத் தண்டுலேருந்து இதயம், நுரையீரல், குடல் வரைக்கும் போற வேகஸ் நரம்பு பண்ற வேலை அது. அதனால இழுக்கிறதை விட விடுறதை நீளமாக்குனா, "ஆபத்து போயிடுச்சு, அடங்கு"ன்னு உடம்புக்கு நாமே தகவல் அனுப்புறோம்.

பக்தர்களுக்கு இன்னொரு சந்தோஷமான செய்தி. 2001-ல பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்ல இத்தாலி ஆராய்ச்சியாளர்கள் ஒரு கட்டுரை போட்டாங்க. 23 பேரை வச்சு, கிறிஸ்தவங்க ஜெபமாலையில சொல்ற லத்தீன் ஜெபத்தையும் ஒரு யோக மந்திரத்தையும் சொல்லச் சொல்லிப் பார்த்தாங்க. ரெண்டுலயுமே மூச்சு நிமிஷத்துக்கு ஏறக்குறைய ஆறுக்கு இறங்கிடுச்சு. சாதாரணமா நமக்கு 12-லேருந்து 20 வரைக்கும் ஓடும். அந்த ஆறு மூச்சு வேகத்துல இதயமும் ரத்த அழுத்தமும் ஒரே தாளத்துக்கு வந்துச்சுன்னு அளந்து காட்டினாங்க. எந்த மதமா இருந்தாலும், நம்ம முன்னோர் கையில கொடுத்த ஜபத்துக்குள்ள ஒரு மூச்சுப் பயிற்சி ஒளிஞ்சிருக்கு.

ஆக, யோகா உடம்புக்கு உதவும்ங்கிறதுல எனக்குச் சந்தேகமே இல்ல. அப்பாவோட கேள்வி அது இல்ல. அந்த உதவியை வச்சு நாம என்ன பண்றோம்ங்கிறதுதான் கேள்வி.

அமைதியை வச்சு நான் என்ன பண்ணினேன்?

உண்மையைச் சொல்றேன். இன்னும் ரெண்டு டன் ஏத்திக்கிட்டேன்.

படபடப்பு குறைஞ்சதும் இன்னொரு ப்ராஜெக்ட்டுக்கும் தலையாட்டினேன். "எவ்வளவு பிரஷர் வந்தாலும் கூலா இருக்கான்"னு பேர் வந்துச்சு. அந்தப் பேர் பிடிச்சிருந்துச்சு. ஜூன் 21 யோகா தினத்துக்கு ஆபீஸ்ல பாய் கொடுத்து எல்லாரையும் மூச்சு விடச் சொன்னாங்க. அன்னிக்கு ராத்திரியே ரிலீஸ். காலையில பாயில படுத்த அதே ஆளுங்க ராத்திரி மூணு மணிக்கு ஸ்கிரீன் முன்னாடி. அதுல யாருக்கும் முரண்பாடு தெரியல. எனக்கும் தெரியல.

உலக சுகாதார நிறுவனம் 2019-ல வேலையால வர்ற மனச்சோர்வை, அதாவது பர்ன்-அவுட்டை, தன்னோட நோய் வகைப்பாட்டுல விளக்கிச் சேர்த்துச்சு. அதை ஒரு நோய்னு சொல்லல. வேலை சார்ந்த ஒரு நிலைன்னுதான் வகைப்படுத்தினாங்க. நல்லா கவனிங்க. காரணம் வேலையிடத்துல, ஆனா மருந்து மட்டும் தனி ஆளோட மூச்சுக்குழாய்லன்னா அது நியாயமா?

இதுவரைக்கும் சொன்னது என்மேல ஏத்தின சுமை. அடுத்து சொல்லப் போறது சொல்லவே கூச்சமா இருக்கு.

எங்க டீம்ல வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகாத ஒரு பொண்ணு. நம்ம தமிழ்ப் பொண்ணு, என்னை அண்ணான்னுதான் கூப்பிடும். ராத்திரி பதினோரு மணிக்கு எனக்கு ஒரு வேலை ஞாபகம் வரும். மனசுல வச்சுக்கிட்டா தூக்கம் வராது. அதனால அந்தப் பொண்ணுக்கு ஒரு மெசேஜ் தட்டி விட்டுட்டு, பத்து நிமிஷம் மூச்சுப் பயிற்சி பண்ணிட்டு நிம்மதியா தூங்கிடுவேன். செட்டிகுளத்துலேருந்து திரும்பி வந்த வாரத்துல, பேச்சுவாக்குல அது சொல்லுச்சு: "அண்ணா, தப்பா எடுத்துக்காதீங்க. ராத்திரி உங்க பேரு ஸ்கிரீன்ல வந்தாலே வயித்தைக் கலக்குது. அப்புறம் தூக்கமே வராது."

எனக்கு வந்த அதே படபடப்பு, அதே வயிறு, அதே தூக்கமின்மை. என் உடம்பை விட்டுப் போன ஸ்ட்ரெஸ் எங்கயும் மறைஞ்சு போகல. இன்னொரு வண்டிக்கு மாத்தி ஏத்தியிருக்கேன். அதுவும் புது வண்டியில. அதுக்கு மேல உக்காந்து நான் தியானம் பண்ணியிருக்கேன்.

மூணாவது படியில ஏறுனவன்

யோகம்னா எட்டு அங்கம். இயமம், நியமம், ஆசனம், பிராணாயாமம், பிரத்தியாகாரம், தாரணை, தியானம், சமாதி. பதஞ்சலி சொன்ன வரிசையும் இதுதான். தமிழ்ல திருமூலர் திருமந்திரத்தோட மூணாம் தந்திரத்துல விரிச்சுச் சொல்றதும் இதுதான்.

நம்ம மொபைல் ஆப் எல்லாம் எங்க ஆரம்பிக்குது? மூணாவதுல. ஆசனம், அப்புறம் மூச்சு. முதல் ரெண்டும் எங்க போச்சு? இயமத்துல திருமூலர் எதையெல்லாம் சேர்க்கிறார்னு பாருங்க. கொல்லாமை, பொய் சொல்லாமை, திருடாமை, நடுவுநிலைமை, பகிர்ந்து உண்ணுதல். இதுல ஒண்ணுகூட உடம்பை வளைக்கிற வேலை இல்ல. எல்லாமே பக்கத்துல இருக்கிறவங்ககூட எப்படி வாழ்றதுங்கிறது. அது சரியான பிறகுதான் உக்காரச் சொல்றார், மூச்சைத் தொடச் சொல்றார்.

ராத்திரி பதினோரு மணிக்கு இன்னொருத்தரோட தூக்கத்தை எடுக்கிறது திருட்டு இல்லையா? "சும்மா பாரு, அவசரம் இல்ல"ன்னு எழுதி அவசரத்தைத் திணிக்கிறது பொய் இல்லையா? எனக்கு வந்த பாராட்டுல பங்கு கொடுக்காம வேலையில மட்டும் பங்கு கொடுத்தது எந்த நடுவுநிலைமை?

இயமம் என் உடம்புக்கும் பொருந்தும். திருமூலர் ஒரு காலத்துல உடம்பை மட்டமா நினைச்சிருந்ததாவும், பிறகு அதுக்குள்ளேயே இறைவன் குடியிருக்கிறதைக் கண்டு பேணிக் காக்கத் தொடங்கினதாவும் சொல்றார். கோவில்ல மணி அடிச்சா நாம என்ன பண்ணுவோம்? திரும்பிப் பாப்போம். என் உடம்பு ரெண்டு வருஷமா மணி அடிச்சிருக்கு. நான் மணியோட நாக்கைத் துணி போட்டுக் கட்டியிருக்கேன். எங்க வேலையில இதுக்குப் பேரு அலர்ட்டை மியூட் பண்றது. சர்வர் எரிஞ்சுக்கிட்டே இருக்கும், சத்தம் மட்டும் வராது. அப்படி யாராவது பண்ணா எங்க டீம்ல திட்டு விழும். என் உடம்புக்கு நானே அதைப் பண்ணிட்டு, அதுக்கு யோகான்னு பேர் வச்சிருந்தேன்.

"தாங்கிக்கறதுதானே பக்தி?"

இதை எங்க முருகன் குரூப்ல சொன்னப்ப ஒரு நண்பர் நியாயமான ஒரு எதிர்க்கேள்வி போட்டார். "ப்ரோ, பாரம் தாங்குறதுதான நம்ம வழி? காவடி எடுக்கிறோம், அலகு குத்துறோம், பழனிக்கு நடந்து போறோம். கஷ்டத்தைப் பொறுத்துக்கிட்டா முருகன் பாத்துப்பான். சுமையைக் குறைக்கச் சொன்னா அது பலவீனம் இல்லையா?"

நானும் பல நாள் யோசிச்சேன். பதில் காவடியோட கதைக்குள்ளேயே இருக்கு.

இடும்பன் கதை எல்லாருக்கும் தெரியும். அகத்தியர் சொல்லி சிவகிரி, சக்திகிரி ரெண்டு மலையையும் ஒரு கம்போட ரெண்டு பக்கமும் கட்டித் தோள்ல தூக்கிட்டு வர்றான். ஆவினன்குடி கிட்ட வந்ததும் களைப்பு. இளைப்பாறலாம்னு இறக்கி வைக்கிறான். மறுபடி தூக்கப் பாத்தா ஒரு மலை அசையல. மேல பாத்தா ஒரு சின்னப் பையன் நிக்கிறான். "இது என் மலை"ங்கிறான். இடும்பனுக்குக் கோவம். சண்டை போடுறான், விழுறான். அப்புறம் முருகன் அருளால உயிர் பெற்று, அந்த மலையிலேயே காவலா நிக்கிறான். இன்னிக்கும் பழனியில இடும்பனைக் கும்பிட்டுட்டுதான் மேல ஏறுறோம்.

இந்தக் கதையில நாம எப்பவும் தூக்குனதைப் பத்தியே பேசுறோம். ஆனா முருகன் எப்ப வந்தான்? இடும்பன் தூக்கிட்டு நடந்தப்ப இல்ல. இறக்கி வச்சப்ப. "எனக்குக் களைப்பா இருக்கு"ன்னு அவன் உடம்பு சொன்னதைக் கேட்டு உக்காந்தானே, அந்த இடத்துலதான். தொடர்ந்து தாங்கிக்கிட்டே நடந்திருந்தா அவனுக்கு முருகனும் இல்ல, நமக்குத் தண்டாயுதபாணி நிக்கிற மலையும் இல்ல. அவன் பட்ட அடியெல்லாம், இறக்குன சுமையை மறுபடி தூக்கியே தீருவேன்னு அடம் பிடிச்சதுக்குத்தான்.

அடுத்து, நாம எடுக்கிற காவடியைப் பாருங்க. ரெண்டு பக்கமும் எடை சமம். முன்கூட்டியே விரதம் இருந்து உடம்பைத் தயார் பண்றோம். கூட நாலு பேர் நடக்கிறாங்க, தண்ணி கொடுக்கிறாங்க, தள்ளாடினா பிடிக்கிறாங்க. முக்கியமா, அது நாமளா நேர்ந்துக்கிட்டது. சந்நிதியில இறக்கிடுவோம்னு முடிவு தெரிஞ்சது. நேர்ந்துக்கிட்ட சுமை வேற, நம்ம மேல ஏத்தி விட்ட சுமை வேற. முடிவே இல்லாத, நாம கேக்காத, இன்னொருத்தர் லாபத்துக்காக ஏத்தின பாரத்தைக் காவடின்னு சொன்னா அது காவடிக்கே அவமரியாதை.

எங்க ஊர்ப்பக்கம் சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோவில் இருக்கு. பெரம்பலூர்லேருந்து திருச்சி போற வழி. விசேஷ நாள் தவிர, வாரத்துல திங்களும் வெள்ளியும்தான் நடை திறக்கும். மத்த நாள் போனா கதவு சாத்தியிருக்கும். அதனால அம்மன் சக்தி குறைஞ்சிடுச்சுன்னு யாரும் சொன்னதில்ல. அடுத்த வெள்ளிக்கிழமைக்குக் காத்திருந்து கும்பிடுறோம். தெய்வத்தோட கதவு சாத்தியிருந்தா மரியாதையா காத்திருக்கிற நாம, மனுஷன் ஞாயித்துக்கிழமை போன் எடுக்கலன்னா மட்டும் ஏன் கோவப்படுறோம்?

இறக்க முடியாத சுமை

சரி, எல்லாச் சுமையையும் இறக்க முடியுமா? முடியாது. படுத்த படுக்கையா இருக்கிற அம்மாவைப் பாத்துக்கிறவங்க இருக்காங்க. கடன் இருக்கு. மழை பொய்ச்ச வருஷம் பருத்தி போட்டவங்க இருக்காங்க. அவங்ககிட்ட போய் "லோடைக் குறைங்க"ன்னு சொல்றது கொழுப்பு.

அங்கதான் யோகா முழு மனசோட உதவணும். வேற யார் லாபத்துக்கும் இல்லாம, அந்த மனுஷன் இன்னிக்கு ராத்திரி தூங்குறதுக்காக. ஸ்பிரிங்கே இல்லாம வண்டி ஓடாதுதானே? அப்பாவும் ஸ்பிரிங் வேண்டாம்னு சொல்லல. அதைக் காரணம் காட்டி மேல ஏத்தாதேன்னுதான் சொன்னார். கூடவே, இறக்க முடியாத சுமையையும் பங்கு போட முடியும். திருமூலர் சோத்தைப் பகிர்ந்து உண்ணச் சொன்னார். சுமைக்கும் அது பொருந்தும்னு நான் எடுத்துக்கிறேன்.

அதனால அப்பாவோட கேள்விக்கு இப்ப என்கிட்ட ஒரு பதில் இருக்கு. யோகா லோடைக் குறைக்காது. ஆனா வண்டியை ஓரமா நிறுத்தும். நிறுத்தினாத்தான் பின்னாடி என்ன ஏத்தியிருக்கு, எது நம்மளது, எது அடுத்தவங்களது, நம்ம லோடை யார் மேல ஏத்தியிருக்கோம்னு இறங்கிப் பாக்க முடியும். படபடப்புல இருக்கிறவனால இதைப் பாக்க முடியாது, ஏன்னா அவனுக்கு எல்லாமே பாம்பு. அமைதி வந்ததும் பாக்காம மறுபடி ஸ்டார்ட் பண்ணி ஓட்டுனா, அது யோகம் இல்ல. வெறும் பட்டை.

நான் என்ன மாத்தினேன்?

பெருசா சாதிச்சிட்டேன்னு சொல்ல மாட்டேன். முதல்ல அந்தத் தங்கச்சிகிட்ட மன்னிப்பு கேட்டேன். ராத்திரி எட்டு மணிக்கு மேல ஞாபகம் வர்றதை ஒரு நோட்டுல எழுதி வச்சு காலையில அனுப்புறேன். என்ன ஆச்சரியம்னா, காலையில பாக்கும்போது அதுல பாதி அனுப்பவே தேவையில்லாம இருக்கு.

ஆன்-கால் முறையில இன்னும் ரெண்டு பேரைச் சேர்க்கணும்னு மேனேஜர்கிட்ட கணக்கோட பேசினேன். அதைப் பேசுறதுக்கு முன்னாடி பத்து நிமிஷம் மூச்சுப் பயிற்சி பண்ணிட்டுதான் போனேன். குரல் நடுங்கல. ஒருத்தரைச் சேர்த்தாங்க, இன்னொருத்தருக்கு "பாக்கலாம்"னாங்க. இரண்டாவது ப்ராஜெக்ட்டைத் திருப்பிக் கொடுத்தேன். "கூலா இருக்கான்"ங்கிற பேரு கொஞ்சம் போச்சு. போகட்டும்.

அப்பாகிட்ட யோகா வீடியோ எதுவும் அனுப்பல. வீட்டுக் கடன் தவணையை நான் கட்டுறேன்னு சொன்னேன். அவர் முதல்ல ஒத்துக்கல. ரெண்டு மாசம் கழிச்சு ராத்திரி ட்ரிப் ஓட்டுறதை விட்டுட்டார். இந்தத் தைப்பூசத்துக்கு ஊருக்குப் போனப்ப, விடிகாலையில திண்ணையில உக்காந்து கண்ணை மூடி மூச்சு விட்டுக்கிட்டு இருந்தார். நான் பாத்ததைப் பாத்துட்டு, "இப்ப லோடு கொறஞ்சிருக்குல்ல, அதான்"னார்.

நீங்களும் பண்ணிப் பாக்க

நான் தினமும் பண்றது இதுதான். ரொம்ப எளிமை. முதுகை நேரா வச்சு உக்காருங்க. மனசுக்குள்ள நாலு எண்ணி மூச்சை மூக்கு வழியா இழுங்க. பிறகு ச, ர, வ, ண, ப, வ ஆறெழுத்தையும் ஒவ்வொண்ணுக்கும் ஒரு விநாடியா மனசுல சொல்லிக்கிட்டே மெதுவா விடுங்க. நாலும் ஆறும் பத்து விநாடி. நிமிஷத்துக்கு ஆறு மூச்சு. இது சாஸ்திரம் இல்ல, நான் போட்ட கணக்கு. ஆனா ஆறுமுகன் பேருல ஆறு மூச்சு கணக்கு வந்து நின்னப்ப எனக்குச் சிலிர்த்துச்சு. அஞ்சு நிமிஷம் போதும். மூச்சை அடக்கிப் பிடிக்க வேண்டாம். தலை சுத்துனா நிறுத்திடுங்க.

முடிச்சதும் உடனே போனை எடுக்காதீங்க. மூணு கேள்வி கேளுங்க. இன்னிக்கு என் மேல இருக்கிற சுமையில எது நான் நேர்ந்துக்கிட்டது? எதை இறக்கலாம்? என் சுமையை இன்னிக்கு யார் மேல ஏத்தியிருக்கேன்?

இதய நோய், ஆஸ்துமா, ரத்த அழுத்தம் இருக்கிறவங்க, கர்ப்பிணிகள் டாக்டர்கிட்ட கேட்டுட்டுப் பண்ணுங்க. வேகமா மூச்சு விடுற பயிற்சி, மூச்சு அடக்குற பயிற்சியெல்லாம் வீடியோ பாத்துப் பண்ணாதீங்க, ஆசிரியர் வேணும். தூக்கமே இல்ல, வாழவே பிடிக்கலங்கிற அளவுக்குப் போயிருந்தா, யோகாவோட நிறுத்திக்காதீங்க. மனநல மருத்துவரைப் பாருங்க. அரசோட டெலி-மானஸ் எண் 14416, தமிழ்நாடு சுகாதார உதவி எண் 104. கூப்பிடுறது பக்திக் குறைவு இல்ல. இடும்பன் இறக்கி வச்ச மாதிரிதான்.

அடுத்த கிருத்திகைக்குச் செட்டிகுளம் வந்தீங்கன்னா, பாதிப் படியில கொஞ்சம் நில்லுங்க. அவசரமா ஏறுறவங்களுக்கு வழி விடுங்க. மூச்சு அடங்கினதும் மெதுவா மேல வாங்க. கரும்போட அவன் அங்கயேதான் நிக்கிறான், எங்கயும் போயிட மாட்டான்.

இந்தப் பதிவு யாருக்காவது இன்னிக்குத் தேவைப்படும்னு தோணுச்சுன்னா பகிருங்க. ஆனா ராத்திரி பதினோரு மணிக்கு வேண்டாம், காலையில அனுப்புங்க!

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!